செகண்ட் வந்தால் போதும்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சாதனைகளுக்கு வாசனை உண்டு. பத்தாம் வகுப்பில் ஒருத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் ஆசிரியர் அறைக்குச் சர்க்கரைப் பொங்கல் வரும். அவள் அம்மா திருவொற்றியூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பார். ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தால் தர்காவிலிருந்து பூந்தி வரும். கட்டுரைப் போட்டி என்றால் அந்தோணியார் கோயில் ரொட்டி. ராயபுரத்தில் ஒரு பெண் பிள்ளை தானாகப் படித்து, தானாக ஓடி, தானாக ஜெயித்தாள் என்று யாராவது சொன்னால் அடிக்கவே வந்துவிடுவார்கள். பின்னால் ஒரு வேண்டுதல் இருந்தே ஆக வேண்டும். நான் இந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தபோது ஒல்லியாக இருந்தேன். பிள்ளைகளின் வெற்றிகளைத் தின்று தின்றுதான் இப்படி ஆனேன்.

என் பெயர் ஞானபாக்கியம். ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சுதான் வாயில் வரும். கோபம் எனக்கு அடிக்கடி வரும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "ஏட்டி, ஏட்டி" என்று என்னைப் போலவே பேசிக் காட்டுவார்கள். நானும் விடமாட்டேன், "இன்னாமே கீது" என்று அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன். கணக்கு சரியாகிவிடும். நாங்கள் சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவர்கள். ஜெபம் செய்வோம், கடவுளிடம் பேரம் பேச மாட்டோம் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டே பொங்கலை இரண்டாம் முறை வாங்கிக்கொள்வேன்.

இந்தக் கதை சாண்ட்ராவைப் பற்றியது. பத்தாம் வகுப்பு. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து அறையில்தான் எங்கள் கேரம் போர்டு இருக்கிறது. சாண்ட்ரா அங்கே உட்கார்ந்துவிட்டால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். யூனிஃபார்ம் முழுக்கப் போர்டு பவுடர் அப்பியிருக்கும். அவளுடைய அப்பா பென்னி ஹார்பரில் வேலை பார்க்கிறார். தெருமுனைக் கேரம் கிளப்பில் ஹார்பர் ஆட்களோடு அவர் ஆடும்போது கூடவே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். கொஞ்ச நாளில் அப்பாவையே ஜெயித்தாள். அதற்கப்புறம் பென்னி "எனுக்கு முதுவு வலி" என்று கிளப்புக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

அம்மா ஆலிஸ் அக்கா. எங்கள் பள்ளி கேட்டுக்கு எதிரே சாயங்காலம் மீன் வறுவல் கடை போடுகிறார். சங்கரா, நெத்திலி, சுறாப் புட்டு. நானும் அவருக்கு வாடிக்கை. கடை வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். அக்காவின் இடது முட்டி போய்விட்டது. பல வருஷமாக வாணலி முன்னால் நின்றதில் தேய்ந்துபோயிற்று. கடையிலிருந்து வீட்டுக்கு ஒரே தெருதான். அந்தத் தெருவையும் கரண்ட் பெட்டியைப் பிடித்து நின்று, பூக்காரியிடம் பேசுகிற சாக்கில் நின்று, அப்படித்தான் கடப்பார்.

சாண்ட்ரா மண்டலப் போட்டியில் ஜெயித்தாள். சும்மா ஜெயிக்கவில்லை, எதிரே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடவே வாய்ப்புக் கொடுக்காமல் ஜெயித்தாள். தலைமையாசிரியை சிஸ்டர் காலை அசெம்பிளியில் பெயர் வாசித்தார். கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். ஃப்ளெக்ஸில் சாண்ட்ராவின் படத்தைவிட வார்டு பிரமுகரின் படம் பெரிதாக இருந்தது, அது இங்கே சகஜம். அடுத்தது மாவட்டப் போட்டி, அப்புறம் மாநிலப் போட்டி. மாநிலத்தில் முதலிடம் வருகிறவள் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போகலாம். எங்கள் பள்ளியிலிருந்து எந்த விளையாட்டிலும் ஒருத்தி கூட அதுவரை போனதில்லை. இவள் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆலிஸ் அக்கா வாயைத் திறந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலை மனசுக்குள் வைத்துக்கொண்டால் அது கணக்கில் வராது. பூசை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் கல்லால் குகைபோலக் கட்டியிருக்கும் மாதா கெபி முன்னால் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அந்த நாலு பேரும் சாட்சி. மாதாவே மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

"மாதாவே, எம்பொண்ணு ஸ்டேட்ல ஃபர்ஸ்ட்டு வரணும். வந்துட்டான்னா, நா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன். பஸ்ஸு ஏற மாட்டேன்" என்றார் ஆலிஸ் அக்கா.

கெபி முன்னால் நின்றவர்கள் அக்காவின் முட்டியைத்தான் பார்த்தார்களாம். ஆகஸ்ட் மாசம் ஆனால் காவி உடுத்திக்கொண்டு, மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையோடு வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் உண்டு. வாட்டசாட்டமான ஹார்பர் ஆட்களே பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பூக்காரியைத் தாண்ட நின்று நிதானிக்கிற ஆலிஸ் அக்கா, நடந்து போகிறேன் என்கிறார். மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சுண்டல் கொடுக்கிறேன் என்றிருக்கலாம், எனக்கும் கிடைத்திருக்கும்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேறு தலைவலி வந்துவிட்டது. சாண்ட்ரா தப்பாக ஆட ஆரம்பித்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காயை விட்டாள். பாக்கெட் வாசலில் நிற்கிற காயைத் தட்டிக் கொஞ்சம் நகர்த்தி, எதிராளிக்கு வசதியாக வைத்துக் கொடுத்தாள். சிவப்பைப் போட்டுவிட்டு, அதற்குத் துணையாகப் போட வேண்டிய அடுத்த காயைக் கோட்டை விட்டாள். நான் பவுடர் சரியில்லை என்று மாற்றினேன். போர்டு சாய்ந்திருக்கிறது என்று அடியில் அட்டையை மடித்து வைத்தேன். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன், பருந்துக் கண் என்றார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே காரணத்துக்கு வந்தேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. யாரு அவன்?"

சாண்ட்ரா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "யாரும் இல்ல மிஸ். எங்க தெருவுல கீறதெல்லாம் பேஜாரு மூஞ்சிங்க."

மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் ஊதித் தள்ளினாள். இறுதிப் போட்டியில் தோற்றாள். முதல் இரண்டு இடத்துக்கும் மாநிலத்தில் இடம் உண்டு என்பதால் தப்பித்தோம். தோற்றவள் முகத்தில் வருத்தமே இல்லை. ஜெயித்த பிள்ளையின் கையைக் குலுக்கி, "சூப்பரா ஆடுனப்பா" என்று சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகச் சமோசா தின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சமோசாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். சிஸ்டர் பக்கத்தில் இருந்தார்.

சாண்ட்ராவோடு இரட்டையர் ஆடுகிறவள் ஃபாத்திமா. வாயில் எதுவும் தங்காத பிள்ளை. அடுத்த நாள் என்னிடம் வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் போனால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"மிஸ், அவ வேணும்னே வுட்றா மிஸ்."

"எதை விடுதா?"

"ஆட்டத்த. ஃபர்ஸ்ட்டு வந்தா அவங்க அம்மா வேளாங்கண்ணிக்கு நடக்கணும்ல. அதுக்குத்தான் இப்பவே செகண்டு வந்து பழகிக்கிறா, ஸ்டேட்ல மட்டும் திடீர்னு தோத்தா சந்தேகம் வருமாம். ஸ்டேட்லயும் செகண்டு தானாம். பிளான் போட்டுட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோற்பது சுலபம், எந்தக் கழுதையும் தோற்கலாம். எல்லாரையும் ஜெயித்துவிட்டு, கடைசி ஒருத்தியிடம் மட்டும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல், கொஞ்சம் வித்தியாசத்தில் தோற்பது இருக்கிறதே, அதற்கு ஜெயிப்பதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேண்டும். இந்தப் பிள்ளை அதைச் செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேரம் அறைக்குப் போனேன்.

சாண்ட்ரா மறுக்கவில்லை. "செகண்ட்டு வந்தா போதும் மிஸ். அதுவும் கப்பு தானே. எங்கம்மா ஸ்டாப்பிங் வரைக்கும் நடக்க முடியாம நின்னுக்கினு கீறத நா தெனம் பாக்கறேன். சொன்னா கேக்காது. மாதாக்கு வாக்கு குட்த்துட்டேன்னு நடக்கும். நடந்தா அந்தக் காலு அவ்ளோதான்."

"அப்ப நேஷனல்?"

அவள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். தேசியப் போட்டி அவளுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். ரயிலில் போகும்போது ஜன்னல் சீட் யாருக்கு என்று ஃபாத்திமாவோடு அப்போதே சண்டை போட்டவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். சத்தியம் பண்ணுங்க."

நான் சத்தியம் செய்யவில்லை. எங்களில் சத்தியம் செய்கிற பழக்கம் கிடையாது. அது அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

சாயங்காலமே பங்குத்தந்தை தாமஸ் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். வேண்டுதலை மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். "தாராளமா. முடியாத வேண்டுதலைச் சின்னதா மாத்திக் கொடுக்கத் திருச்சபையில இடம் இருக்கு" என்றார். அவரையும் கையோடு வறுவல் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் உடனே வந்தார். வேண்டுதலுக்காக வந்தாரா, சங்கராவுக்காக வந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஆலிஸ், வேளாங்கண்ணி வரைக்கும் பஸ்ஸில போம்மா. அங்க ஆர்ச்சுல இறங்கிக் கோயில் வரைக்கும் நட. மாதா ஏத்துக்குவாங்க" என்றார் சாமியார், முள்ளை எடுத்துக்கொண்டே.

"இன்னா சாமி இப்டி சொல்றீங்க? தெரு மொத்தமும் கேட்டுச்சு."

"நான் தெருவுக்குச் சொல்றேன்."

"தெரு கெடக்குது சாமி. மாதாக்கு இன்னா சொல்றது? ஜெயிக்க வெச்சதுக்கு அப்பால, காலு வலிக்குது, பாதிக்கு முட்ச்சிக்கோன்னா? நா மீனுல பேரம் பேசுவேன். அங்க பேச மாட்டேன்."

நாசரேத்தில் நாங்கள் பேசுகிற அதே வசனம். என் வாயாலேயே சொல்லிப் பெருமைப்பட்டது, ஆலிஸ் அக்கா வாயில் கேட்கும்போது எரிச்சலாக இருந்தது. சாமியார் தட்டைப் பார்த்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"யக்கா, நீங்க நடந்துருவீங்கன்னு பயந்துதான் ஒங்க மவ வேணும்னே தோக்கா. மாவட்டத்துல தோத்ததும் அப்படித்தான். மாநிலத்துலயும் தோக்கப் போறா. ஒங்க முட்டிக்காகத்தான் தோக்கா."

ஆலிஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். பார்சலுக்கு நின்ற ஆளிடம், "இல்ல நைனா, முட்ஞ்சிப்போச்சு, போ" என்றார். வாணலி நிறைய மீன் கிடந்தது. அந்த ஆள் மீனைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

"எங்காலுக்காவ எம்பொண்ணு தோக்குதா?" என்றார். "அப்ப இந்தக் காலு எனுக்கு எதுக்கு மிஸ்?"

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கடையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார். மீன் விலை சொல்லும்போது வருகிற அதே முகம் வந்துவிட்டது.

"ஜெயிச்ச அப்பால தானே நடக்கணும்? நா முன்னாடியே நடந்துட்டா? நடந்து முட்ச்சிட்டா, அப்பால தோத்து இன்னா பிரயோஜனம்? ஜெயிச்சித்தானே ஆவணும்?"

சாமியார் புரையேறி இருமினார். முன்கூட்டியே வேண்டுதல் செலுத்துவதைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"தப்பா சாமி?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப சரி."

இப்படித்தான் முடிவாயிற்று. மாநிலப் போட்டி சேலத்தில், ஆகஸ்ட் கடைசியில். எங்கள் தெருக் கூட்டம் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதும் அதே வாரம். சாண்ட்ராவுக்குத் தெரிந்தால் வீட்டு வாசலிலேயே குறுக்கே படுத்துவிடுவாள். ஆகையால் போட்டிக்கு முன்னால் பயிற்சி முகாம் என்று ஒன்றை நான் ஏற்பாடு செய்தேன். அவளையும் ஃபாத்திமாவையும் கான்வென்ட் ஹாஸ்டலில் தங்கவைத்தேன். சிஸ்டர் என் கடமை உணர்ச்சியை அசெம்பிளியில் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், பணிவு என்று நினைத்திருப்பார்.

அவள் ஹாஸ்டலுக்கு வந்த மறுநாள் ஆலிஸ் அக்கா காவிப் புடவையில் கிளம்பினார். பென்னி ஹார்பரில் லீவு போட்டுவிட்டு, கடையிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போனார். அக்கா எங்கே நிற்கிறாரோ அங்கே ஸ்டூல் தரைக்கு வரும். கூட்டம் எழுந்திருக்கும் முன்பே அக்கா நடக்கத் தொடங்கிவிடுவாராம், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்து சேருவாராம். என்னிடம் ஒரே ஒரு கட்டளை. "அவளா ஜெயிச்சிட்டா ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். செகண்டு வர்ற மாரி தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

தினம் சாயங்காலம் மகளுக்குப் போன் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இன்னாமா ஒரே சத்தம்?"

"லாரி போவுது."

"நம்ம கடையாண்ட ஏது இவ்ளோ லாரி?"

"எண்ணூர் போற கன்டெய்னருமா. இந்தப் பக்கம் திருப்பி வுட்டுட்டானுங்க."

எங்கள் பகுதியில் கன்டெய்னர் லாரியைக் காரணம் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். லேட்டாக வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள். இனிமேல் நம்ப மாட்டேன்.

சேலத்தில் சாண்ட்ரா வழக்கம்போல ஊதித் தள்ளினாள். காலிறுதி, அரையிறுதி, எதிரே யார் உட்கார்ந்தாலும் பாவமாக இருந்தது. இறுதிப் போட்டியில் மதுரைப் பிள்ளை ஒருத்தி. நல்ல ஆட்டக்காரி, ஆனால் சாண்ட்ராவின் பக்கத்தில் வர முடியாது. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் சாண்ட்ரா ரொம்ப அழகாகத் தோற்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பள்ளி ஆசிரியை, "பாவம், உங்க பொண்ணுக்கு லக் இல்லை" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இடைவேளையில் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நீ தோத்துப் புண்ணியம் இல்லட்டி. ஒங்கம்மா நடந்துக்கிட்டு இருக்காங்க."

"எங்க?"

"வேளாங்கண்ணிக்கு. நேத்தே மரக்காணம் தாண்டியாச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் போனைப் போட்டுக் கொடுத்தேன். பென்னி எடுத்து அக்காவிடம் கொடுத்தார். சாண்ட்ரா பேசிய பேச்சை அப்படியே எழுதினால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். "உனுக்கு அறிவு கீதா? டாக்டர் இன்னா சொன்னாரு? யாரக் கேட்டுப் போன?" என்று ஆரம்பித்தது. சேலம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டித் திட்டி மூச்சு வாங்கி, கடைசியில் ஓ என்று அழுதாள்.

அப்புறம் ஆலிஸ் அக்காவின் குரல் போனிலிருந்து எனக்கே கேட்டது.

"திட்டி முட்ச்சிட்டியா? இப்ப நா சொல்றத கேளு. நீ ஜெயிச்சாலும் நடப்பேன். தோத்தாலும் நடப்பேன். தோத்தியானா நா நடந்ததெல்லாம் வீணு. போ, போய் ஆடு."

போன் வைத்துவிட்டார்.

சாண்ட்ரா மூக்கைச் சிந்தினாள். என் துப்பட்டாவில்தான் சிந்தினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா மேல் இருந்த கோபத்தையெல்லாம் அந்தப் பலகையில் காட்டினாள். ஒரு காய்கூட மிச்சம் வைக்கவில்லை. சிவப்பை அடித்த அடியில் நடுவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் ஆட்டம் முடிந்ததே எனக்குத் தெரியவில்லை, மூன்றாவது ஆரம்பித்துவிட்டது. மதுரைப் பிள்ளை நடுவரிடம், "அவங்க ஏன் சார் அழுதுக்கிட்டே ஆடுறாங்க?" என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் ஜெயித்தாள். முதலிடம். நான் ஃபாத்திமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். எனக்கு இந்த வயதில் குதிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "மிஸ், எங்கம்மா எங்க கீதோ அங்க இட்டுனு போங்க" என்றாள் சாண்ட்ரா. சிஸ்டரிடம் போனில் பாதி உண்மையைச் சொல்லி அனுமதி வாங்கினேன்.

மறுநாள் காலை கடலூருக்கு முன்னாலேயே சாலையோரத்தில் அவர்களைப் பிடித்தோம். ஒரு வீட்டு வாசலில் அதே சிவப்பு ஸ்டூலில் ஆலிஸ் அக்கா உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது முட்டி, துணி சுற்றி, பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கொஞ்சம் தள்ளி மாதா சப்பரம் நிழலில் நின்றது.

"காட்டு" என்றார் மகளைப் பார்த்ததும்.

சாண்ட்ரா மெடலை எடுத்து அவர் மடியில் போட்டாள். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, இத்தினியூண்டு கீது? இதுக்கா நா இம்மாந்தூரம் நடந்தேன்?"

பென்னி சிரித்தார். நானும் ஃபாத்திமாவும் சிரித்தோம். சாண்ட்ரா சிரிக்கவில்லை.

"அதான் ஜெயிச்சிட்டேன்ல. போதும். எய்ந்து வா, பஸ்ஸு ஏறிப் போலாம்."

"ஜெயிச்சிட்டியே" என்றார் ஆலிஸ் அக்கா, அவளுக்கு இது கூடத் தெரியவில்லையே என்பதுபோல. "தோத்திருந்தா ஒருவேள ஏறியிருப்பேன். இப்ப எப்பிடி ஏற்றது? இப்பதான் நடந்தே ஆவணும்."

சாண்ட்ரா என்னைப் பார்த்தாள். நான் சப்பரத்தைப் பார்த்தேன். எத்தனை முறை தோற்றபோதும் வராத அழுகை, ஜெயித்த மறுநாள், அந்தச் சாலையோரத்தில், சமோசா தின்ற அந்தப் பிள்ளைக்கு வந்தது. தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாண்ட்ரா எழுந்தாள். பேசினிலிருந்து அம்மாவின் காலை எடுத்துத் தன் யூனிஃபார்ம் பாவாடையால் ஈரம் போகத் துடைத்தாள். தன் ஷூவைக் கழற்றிப் பையில் கட்டினாள்.

"நானும் வர்றேன்."

"ஸ்கூலு?"

"மிஸ்ஸு பாத்துப்பாங்க."

ஃபாத்திமா என் பக்கம் திரும்பி, "நம்மளுந்தானே மிஸ்?" என்றாள். நான் நாளைக்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரமாவது நடக்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. சும்மாதான்.

சப்பரம் கிளம்பிற்று. பென்னி ஸ்டூலைத் தலையில் கவிழ்த்தார். ஆலிஸ் அக்கா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சப்பரத்திலிருந்த மாதாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். சுற்றி நாலு பேர் நின்றார்கள், எல்லார் காதிலும் விழும்படி தொண்டையைச் செருமினார்.

"மாதாவே, நேஷனல்ல மட்டும் எம்பொண்ணு..."

சாண்ட்ரா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அக்கா முகத்தைத் திருப்பினார், முனகினார், கையை விலக்கப் பார்த்தார். சாண்ட்ரா எடுக்கவில்லை. இன்னொரு கையால் அம்மாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிக்கறேம்மா" என்றாள். "நா ஜெயிக்கறேன். நீ எதுவும் தராத. சொம்மா ஒக்காந்து பாரு, போதும்."

ஆலிஸ் அக்காவின் கண்கள் நிறைந்தன, கண்ணீர் வழிந்து மகளின் கைமேல் விழுந்தது. பொத்திய வாயோடு அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டி முடித்த பிறகும் சாண்ட்ரா கையை எடுக்காமல் சப்பரம் கொஞ்ச தூரம் போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.